துண்டுகளைச் சேர்த்தெடுங்கள்



தேற்றாத்தீவு புனித யூதாததேயுவின் திருத்தலத்துக்குப் போகிறவர்களில் வெறுங்கையோடு போகிறவர் குறைவு. மெழுகுதிரி ஒரு கையில் இருக்கும். மனதுக்குள்ளே உடைந்த ஏதோ ஒன்று இருக்கும். கைவிடப்பட்ட காரியங்களுக்குப் பரிந்து பேசும் அப்போஸ்தலர் அல்லவா அவர்! அவருடைய திருநாளாகிய ஒக்ரோபர் 28 நெருங்கும்போது, தொலைதேசத்து ஆலயம் ஒன்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தாலியிலே அசிசி நகரில் புனித பிரான்சீஸின் பேராலயம் உண்டு. அவர் இறந்து இரண்டாண்டுகளின் பின், 1228இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் மேல் ஆலயச் சுவர்களில் புனிதரின் வாழ்க்கை 28 ஓவியங்களாகத் தீட்டப்பட்டிருக்கிறது. எழுத்தறியாத ஏழைகளுக்கு அந்தச் சுவர்களே ஞானோபதேசம். ஓர் ஓவியத்தில், இடிந்த சிற்றாலயத்தில் இளைஞர் பிரான்சீஸ் சிலுவைமுன் முழந்தாளிட்டிருக்கிறார். தம் வீட்டைச் செப்பனிடும்படி ஆண்டவர் அவரை அழைத்த வேளை அது.

அந்த ஆலயமே ஒருநாள் இடிந்தது. 1997 செப்டெம்பர் 26ஆம் திகதி அதிகாலை பூமி அதிர்ந்தது. விடிந்தபின் சேதத்தைப் பார்க்கச் சிலர் உள்ளே நின்றவேளை மீண்டும் அதிர்ந்து, வளைவுக்கூரை சரிந்தது. நால்வர் மாண்டனர். மேலேயிருந்த பழம்பெரும் ஓவியங்கள் பல்லாயிரம் துண்டுகளாய்த் தரையில் கிடந்தன.

அதை அவர்கள் குப்பையென்று அள்ளி எறியவில்லை. இடிபாட்டைச் சலித்து, விரல்நகமளவு துண்டையும் பொறுக்கி, நிறம் பார்த்துப் பொருத்தினார்கள். 1999 நவம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆயினும் எல்லாம் திரும்பவில்லை. சீமாபுவே தீட்டிய புனித மத்தேயுவின் ஓவியத்தில் ஒரு பகுதியே மீட்கப்பட்டது. மாண்ட நால்வரும் திரும்பவில்லை.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு இது புதிய கதையா? 1978இன் சூறாவளி, நீண்ட யுத்தம், 2004இன் கடற்கோள் எல்லாம் பார்த்தவர்கள் நாம். காணாமற்போன மகனுக்காக இன்றும் வாசலைப் பார்த்திருக்கும் தாயிடம், "எல்லாம் பழையபடி ஆகிவிடும்" என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நம் விசுவாசமும் அப்படிச் சொல்லவில்லை. உயிர்த்த ஆண்டவரின் திருமேனியிலும் காயத் தழும்புகள் இருந்தன.

ஆனால் ஐயாயிரம் பேர் உண்டபின், எஞ்சிய துண்டுகளில் ஒன்றும் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னவர் அவரே. பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அவருக்குத் துண்டு குப்பையல்ல.

உங்கள் வீட்டில் கிடக்கும் துண்டு எது? சீதனக் காணிக்காகப் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பியா? குடியினால் ஒதுக்கப்பட்ட மகனா? நின்றுபோன குடும்பச் செபமாலையா? முழுவதையும் ஒரே நாளில் ஒட்ட முடியாது. ஒரு துண்டை எடுங்கள். இவ்வருடம் திருத்தலத்துக்குப் புறப்படுமுன், கோபித்திருக்கும் அந்த ஒருவரின் படலையைத் தட்டி, "நீயும் வாவன்" என்று கூப்பிடுங்கள். அவர் வராமலும் போகலாம். நீங்கள் கூப்பிட்டது வீணாகாது.

புனித யூதாததேயுவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.