ஆராய்ச்சி மணியும் கல்லூரியறமும்

அறியாமையாகிய இருளில் அழுந்திய உயிர்க்கு விளக்காய் நின்று உதவுவது கல்வி. அக்கல்வி பயிலும் இடத்தைக் கோயிலோடு ஒப்ப மதித்தல் இந்நாட்டு வழக்கு. அத்தகைய இடத்திலே பணிபுரியும் ஒரு பெண்ணுக்கு, அங்குத் தலைமை பூண்ட ஒருவரால் சொல்லானாதல் செயலானாதல் இழிதகவு நேருமாயின், அதனை அறிந்தோர் செய்யக்கடவது யாது? நிறுவனத்தின் நற்பெயர் கருதி மறைத்தல் அறமா? வெளிப்பட ஆராய்தல் அறமா? இஃது ஈண்டு ஆராயப்படும்.

கல்லூரியில் ஒருவர்க்கு மற்றொருவர்மேல் உள்ள அதிகாரம் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாதது. கௌரவ விரிவுரையாளரின் அடுத்த ஆண்டுப் பணி துறைத்தலைவரின் ஒரு சொல்லிலே நிற்கின்றது. ஆய்வு மாணவியின் பல்லாண்டு உழைப்பு நெறியாளரின் கையொப்பத்திலே தங்குகின்றது. துப்புரவுப் பணிசெய்யும் பெண்ணின் கூலி ஒப்பந்தக்காரரின் விருப்பத்தைச் சார்ந்தது. ஆதலின், துன்புற்றவள் வாளா இருத்தலை உடன்பாடு எனக் கொள்ளுதல் பொருந்தாது. அச்சமும் அமைதியின் உருவிலே தோன்றும் என்க. வினையோ மனம் வாக்கு காயம் என்னும் மூவழியானும் ஈட்டப்படுவது. ஆகலான், ‘தீண்டியதில்லை, சொல்லியதே’ என்பாரும் குற்றத்தின் நீங்கினாரல்லர்.

திருவாரூரிலே முறைசெய்த மனுநீதிச் சோழர் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில் விரித்தருளினார். அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலில் ஓர் ஆன்கன்று அகப்பட்டு மாய்ந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலின் மணியைக் கோட்டினால் புடைத்தது. அமைச்சர் நிகழ்ந்ததை உரைத்து, நூல்விதித்த கழுவாய் செய்தல் போதும் என்றனர். பிறனொருவன் கொன்றால் தண்டமும், தம் மைந்தன் கொன்றால் கழுவாயுமா என அதனை மறுத்தார் அரசர். முறையைத் தாமே செய்துமுடித்தார். இவ்வரலாற்றினின்று ஈண்டுக் கொள்ளத்தக்கன மூன்று. வாய்பேசாத உயிரின் கோட்டுக்கும் எட்டும் இடத்திலே மணி கட்டப்பட்டிருந்தது. ஒலி கேட்டவுடன் ஆராய்ச்சி தொடங்கிற்று. குற்றம் தம்மவர்மேல் நின்றபோதும் கோல் வளையவில்லை.

‘கல்லூரியின் பெயர் கெடுமே’ எனின், அப்பெயர் முன்னரே கெட்டது குற்றம் நிகழ்ந்தபோது, வெளிப்பட்டபோதன்று. ‘எனது நிறுவனம்’ என்னும் பற்றும் எனது என்னும் செருக்கின் கிளையே. இறைவன் செய்யும் மறைப்பு உயிரைப் பக்குவப்படுத்தற்பொருட்டு நிகழ்வது. நிருவாகத்தார் செய்யும் மறைப்போ குற்றத்தையே முதிர்விப்பது.

‘துன்புற்றவள் நுகர்வது அவள்தன் பழவினை, பிறர் இடைப்புகுதல் எற்றுக்கு?’ என்பாரும் உளர். அற்றன்று. எவ்வினையின் பயன் எத்துன்பம் என்பதை முதல்வன் ஒருவனே அறிவன். நோயும் வினைப்பயனே என்று கொண்டு எவரும் மருந்தை விலக்குவதில்லை. தீங்கு செய்தவன் ஆகாமியத்தை ஈட்டுகின்றான். தடுக்கவல்லவனாய் இருந்தும் தடாது நின்றவன் அதிற் பங்கு கொள்கின்றான். வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைப் பொறுத்தற்கு அருளப்பட்டதேயன்றிப் பிறர் துன்பத்தைப் பாராது செல்லுதற்கு அன்று.

‘தண்டித்தல் கருணைக்கு மாறன்றோ?’ எனின், மறக்கருணையும் கருணையே என்பது சிவஞான சித்தியார் கண்ட உண்மை. பிள்ளையைத் தாய்தந்தையர் ஒறுத்துத் திருத்துதல் அன்பின்மையாகாது. குற்றம் செய்தானை மேன்மேலும் வினையீட்டவிடாது தடுத்தல் அவனுக்கும் செய்யும் நன்மையாம்.

இனி, இக்காலத்து மணி கட்டப்பட்ட வகை அறியற்பாலது. 1992-இல் இராசத்தானத்துச் சிற்றூர்ப் பணியாளர் ஒருவர்க்கு நேர்ந்த கொடுமையைத் தொடர்ந்து எழுந்த விசாகா வழக்கில், 1997 ஆகஸ்டு 13-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பணியிடங்களுக்கு நெறிகளை வகுத்தது. 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அமையும் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் பெண் ஒருவர் தலைமை தாங்குவர். உறுப்பினரிற் பாதிக்குக் குறையாதோர் பெண்டிர். வெளியாள் ஒருவரும் இருப்பர். நிகழ்ந்த 3 திங்களுள் முறையிடலாம். தக்க காரணம் உளதாயின் குழு மேலும் 3 திங்கள் அளிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிதல் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 2016-இல் அரசிதழில் வெளிவந்தது. துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் முதலியோர் இக்குழுவில் உறுப்பினராகலாகாது என்பதும், முறையிட்டவரின் பணியையோ தேர்வையோ முறையிடப்பட்டவர் மதிப்பிடாதவாறு தடுக்கலாம் என்பதும் அதன் விதிகள். புலனாகாத அதிகாரத்தின் வேரை அறிந்து வகுத்தவை இவை.

மணியொலி முறையீடேயன்றித் தீர்ப்பன்று. சோழரும் நிகழ்ந்ததைக் கேட்டறிந்த பின்னரே முறைசெய்தார். ஒரு பல்கலைக்கழகத் துறைத்தலைவர்மேல் 2009-இல் எழுந்த முறையீட்டில், விசாரணைக் குழு அவர் எதிருரைத்தற்குப் போதிய காலம் அளியாது விரைந்து முடித்தது. 2023 மே 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்மேல் எடுத்த நடவடிக்கையை நீக்கி, விசாரணையை மீண்டும் குழுவுக்கே அனுப்பிற்று. முறை தவறிய விரைவினால், 14 ஆண்டு கழிந்தும் முறையிட்டோர்க்கும் முடிவில்லை, முறையிடப்பட்டவர்க்கும் முடிவில்லை. புகார்க் குழுக்கள் உள்ளபடியே அமைந்துள்ளனவா என அரசுகள் ஆராய்ந்தறிதல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பே ஆணையிட்டது. ஆகவே, மறைத்தலும் அறமன்று. ஆராயாது ஒறுத்தலும் அறமன்று.

‘எம் கல்லூரியில் முறையீடு ஒன்றும் வந்ததில்லை’ எனப் பெருமிதம் கொள்வார் உளர். குற்றம் இன்மையானும் மணி ஒலியாதிருக்கும், எட்டாமையானும் ஒலியாதிருக்கும். குழுவினர் யாவர் என்பதை வாயிற்காவலரும் துப்புரவுப் பணியாளரும் அறிவரோ? முறையிட்டவளை ‘நீ ஏன் தனியே சென்றாய்?’ என்று வினவாதார் அங்கு உளரோ? நண்பராகிய பேராசிரியர்மேல் முறையீடு வந்தபோதும் தலைவர் முகம் மாறாதிருப்பரோ? இவற்றிற்கு விடை கூறவல்ல கல்லூரியே அப்பெருமிதத்திற்கு உரியது.

கன்றை இழந்த பசுவுக்குச் சொல் இல்லை. எனினும் அதன் துயர் அரசர் செவிக்கு எட்டிற்று. சொல்வல்ல பெண்ணொருத்தி கற்றோர் நிறைந்த அவையிலே சொல்லற்று நிற்பாளாயின், குறை அவளுடையதன்று. மணியை எட்டா உயரத்திற் கட்டினாருடையதே.