டூர்மலினும் குணத்தின் இருப்பிடமும்

ஒரு பொருளின் நிறம் அப்பொருளிலேயே உறைகிறதா, காண்பவரின் புலனில் தோன்றுகிறதா என்பது மெய்யியலின் பழைய வினாக்களுள் ஒன்று. இந்திய மெய்யியல் பிரிவினருள் ஒருவரான வைசேடிகர் நிறத்தைக் கண்ணால் மட்டும் அறியப்படும் குணமாகக் கொண்டு, அது சமவாயம் எனப்படும் பிரிக்கவியலாத உறவால் பொருளில் தங்குகிறது என்றனர். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக், நம்முள் ஒரு புலனுணர்வை எழுப்புவதற்குப் பொருளின் நுண்துகள்களுக்குள்ள ஆற்றலே நிறம் என்று கருதினார். இவ்வினாவை ஆராயத் தக்க சான்றாக அமைவது டூர்மலின் என்னும் மணிக்கல்.

டூர்மலின் என்பது போரான் கலந்த சிலிக்கேட் கனிமங்களின் குடும்பம். அதில் இரும்பு மிகுந்தால் கருமையும், மாங்கனீசு சேர்ந்தால் இளஞ்சிவப்பும், குரோமியமோ வனேடியமோ சேர்ந்தால் அடர்பச்சையும் தோன்றுகின்றன. பிரேசிலின் பராயிபா மாநிலத்தில் 1980களில் கண்டெடுக்கப்பட்ட கற்களின் ஒளிமிக்க நீலத்துக்குச் செம்பு காரணம். படிகம் வளரும்போது அதைச் சூழ்ந்த கரைசலின் சேர்மானம் மாறினால், உள்ளே சிவப்பும் புறத்தே பச்சையுமாக ஒரே கல் இருநிறம் கொள்கிறது. இதுவரை நோக்கின், நிறம் பொருளில் உறைகிறது என்ற வைசேடிகர் கூற்றே வலுப்பெறுகிறது.

ஆனால் பல பச்சை டூர்மலின்கள் நீள அச்சின் வழியே நோக்கும்போது இருண்டும், பக்கவாட்டில் நோக்கும்போது வெளிறியும் தெரிகின்றன. ஒளி அதிரும் திசைக்கேற்ப அதனைப் படிகம் வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால் நிகழும் இப்பண்பு பன்னிறங்காட்டல் எனப்படும். அச்சுக்கு இணையாக வெட்டிய இரு தகடுகளைக் குறுக்காக வைத்தால், தனித்தனியே ஒளியைக் கடத்தும் அவை சேர்ந்து அதைப் பெரிதும் தடுத்துவிடுகின்றன. எனினும், அத்திசையில் நின்று நோக்கும் யாவர்க்கும் அந்நிறமே புலப்படுவதால், இதனை மனத்தின் கற்பனை எனத் தள்ளிவிட இயலாது.

மின்பண்பும் இவ்வாறே அமைகிறது. டூர்மலினைச் சூடாக்கினால் அதன் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னேற்றம் தோன்றுவதை 1756இல் இயற்பியலாளர் ஏப்பினஸ் விளக்கினார். அழுத்தத்தாலும் படிகங்களில் மின்னேற்றம் எழுவதை 1880இல் இயற்பியலாளர்களான கியூரி உடன்பிறப்புகள் நிறுவினர். வெப்பமும் அழுத்தமும் இவ்வாற்றலை வெளிப்படுத்துகின்றனவே தவிர, அதற்கு அடிப்படையான இருமுனை வேறுபாடு படிகத்தின் அமைப்பிலேயே உள்ளது.

அருகிலுள்ள பொருளின் நிறத்தை ஏற்கும் பளிங்கை, சார்ந்ததன் வண்ணமாகும் உயிருக்கு உவமையாகச் சைவ சித்தாந்தம் காட்டுகிறது. அங்கும் நிறம் பிறிதொன்றிலிருந்து வந்தாலும், அதனை ஏற்கும் தன்மை பளிங்குக்கே உரியது. மண்கட்டிக்கு அத்தன்மை இல்லை. ஆகவே சார்பில் வெளிப்படுவது என்பதனாலேயே ஒரு குணத்தைப் பொய்யென்று கொள்வதும், பொருளில் வேர்கொண்டது என்பதனாலேயே அதனைச் சார்பற்றதென்று கொள்வதும் ஒருசேரப் பிழையாகும். பொருளின் இயல்பு அதன் அமைப்பில் ஆற்றலாக நின்று, தக்க சார்பில் மெய்யாகவே வெளிப்படுகிறது.