சொந்தப் பாட்டு இல்லாதவர்கள்

தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துக் கொடை விழா நோட்டீஸ்களை வாசித்துப் பழகியவர்களுக்கு அதன் வரிசை தெரியும். கால்நாட்டு, குடியழைப்பு, வில்லிசை, மதியக் கொடை, சாமக் கொடை. நடுவில் ஏதாவது ஒரு ராத்திரிக்கு 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி' என்றோ 'ஆடல் பாடல் நிகழ்ச்சி' என்றோ ஒரு வரி இருக்கும். குழுவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். உபயதாரர் பெயர் அதற்குக் கீழே, சில சமயம் அதைவிடப் பெரிதாக இருக்கும். கீபோர்டு வாசிப்பவர் யார், பாடுகிறவர் யார், ஆடப்போகிற பெண்கள் யார் என்று இருக்காது. அன்றைக்குப் பாடப்போகிற பாட்டுகளை இயற்றியவர்களின் பெயரும் இருக்காது.

இப்படியான குழுக்களில் சில இருபது முப்பது வருஷம் ஓடிவிடுகின்றன. ஆள் மாறும், வேன் மாறும், பெயர் மட்டும் மாறாது. எம்.எஸ்.வி.யில் தொடங்கி இளையராஜா, தேவா, ரஹ்மான், அனிருத் என்று வந்ததையெல்லாம் வாசித்திருப்பார்கள். சொந்தமாக ஒரு பாட்டு போட்டிருக்க மாட்டார்கள். அடுத்தவர் பாட்டை வாசித்தே ஒரு ஆயுளைக் கழித்தவருக்கு, 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சுகிறது?

சட்டென்று வரும் பதில், ஒன்றும் இல்லை என்பதுதான். புதிதாக ஒன்றை உண்டாக்குகிறவனே கலைஞன், மற்றவர்கள் நகல் எடுப்பவர்கள். இந்த அளவுகோலை நாம் எல்லோருக்கும் ஒன்றுபோல வைப்பதில்லை என்பதுதான் என் சந்தேகம். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஒரு நாளில் நூறு வரி எழுதினால், அதற்கடியில் யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்த லட்சக்கணக்கான வரிகள் இருக்கின்றன. அவை இல்லையென்றால் என் நூறு வரி ஓடவே ஓடாது. ஆனாலும் அப்ரைசலில் 'நான் செய்தது' என்று எழுதுகிறோம், யாரும் சிரிப்பதில்லை. ஆர்க்கெஸ்ட்ராக்காரரை மட்டும் 'காப்பிதானே' என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

*

செங்கோட்டையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் கிட்டப்பாவைத் தாண்டிப் போக முடியாது. எஸ்.ஜி. கிட்டப்பா 1906-ல் இங்கே பிறந்தார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பரில்தான் இந்தத் தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சின்னப் பையனாகவே அண்ணன்மாரோடு நாடகத்துக்குப் போனார். கன்னையா கம்பெனியில் பெயர் பெற்றார். கொழும்பில் கே.பி. சுந்தராம்பாளோடு மேடையேறினார், பிறகு அவரையே மணந்தார். 1933 டிசம்பரில், 27 வயதில் இறந்துபோனார்.

கிட்டப்பா எதைப் பாடினார்? நாடக ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்ததைப் பாடினார். ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததைப் பாடினார். தியாகராஜரின் 'எவரநி' கிருதியை அவர் கிராமபோன் தட்டில் பாடியபோது, அந்தத் தட்டை வாங்கியவர்கள் அதைக் கிட்டப்பா பாட்டு என்றுதான் சொன்னார்கள். தியாகராஜரை யாரும் மறுக்கவில்லை. பாட்டு ஒருவருடையது, பாடியது இன்னொருவருடையது. இரண்டுக்கும் சண்டையில்லை என்று எளிதாக எடுத்துக்கொண்டார்கள்.

அந்த எளிமை நம்மிடம் ஏன் இல்லை? ஒரு காரணம், அப்போது 'ஒரிஜினல்' என்று ஒன்று எல்லார் கையிலும் இல்லை. தியாகராஜர் பாடிய ஒலிப்பதிவு கிடையாது. ஒப்பிட்டுப் பார்த்து 'அதுபோல இல்லையே' என்று சொல்ல வழியில்லை. இன்றைக்கு ஒவ்வொருவர் பையிலும் அசல் ஒலிப்பதிவு இருக்கிறது. மேடையில் பாடுகிறவர் எப்போதுமே அதற்கு ஒரு படி குறைவு என்றே காதில் விழுகிறது.

*

இந்தக் குழுக்களுக்காக வாதாடுகிறவர்கள் வழக்கமாக எடுப்பது பாவலர் சகோதரர்களின் கதை. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்காகத் தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு நடத்தினார். மக்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து அதில் கட்சிக்கான வரிகளை வைத்துப் பாடுவார். 1958-ல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தபோது, அங்கிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடம் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாடினார்கள். அவர் ஜெயித்தார். அந்தக் குழுவில் இருந்த தம்பிகளில் ஒருவர் 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைத்தார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

'பார்த்தீர்களா, அடுத்தவர் மெட்டைப் பாடித்தான் இளையராஜா வந்தார்' என்று இதை முடிப்பார்கள். எனக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. ஒரு இளையராஜா முளைப்பதற்காக மற்ற அத்தனை பேரும் உரமாக இருந்தார்கள் என்று சொல்வதுபோல இருக்கிறது. 1973-ல் இறந்துபோன பாவலர் வரதராஜன், தம்பியின் ஒரு சினிமாப் பாட்டையும் கேட்கவில்லை. அப்படியானால் அவர் பாடியதெல்லாம் ஒத்திகையா? தேயிலைத் தோட்டத்தில் நின்று கேட்டவர்களுக்கு அது ஒத்திகை இல்லை, அன்றைக்கான பாட்டு.

அதே குடும்பத்திலிருந்து வந்த இன்னொன்று இந்த விஷயத்துக்கு நெருக்கமானது. 1989-ல் கடைசித் தம்பி கங்கை அமரன் 'கரகாட்டக்காரன்' எடுத்தார். ஊர் ஊராகப் போகும் ஒரு ஆட்டக் குழுவைப் பற்றிய படம். கவுண்டமணி கையில் தவில், செந்தில் கையில் நாகசுரம். நையாண்டி மேளத்தின் நடையை இளையராஜா சினிமாவுக்குக் கொண்டுபோனார். படம் வந்த பிறகு, கரகம் ஆடும் நிஜக் குழுக்கள் அந்தச் சினிமாப் பாட்டுகளை நையாண்டி மேளத்தில் வாசித்தார்கள், இன்றும் வாசிக்கிறார்கள். நாகசுரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு எல்லாம் சேர்ந்து, தங்களிடமிருந்து போனதையே திருப்பி வாசிக்கின்றன. இதில் யார் அசல், யார் நகல்? எந்தப் புள்ளியில் கோடு கிழித்தாலும் அதற்கு முன்னால் ஒருவர் நிற்கிறார்.

*

சட்டமும் இந்தக் கேள்வியில் கொஞ்சம் தடுமாறித்தான் வந்திருக்கிறது. 1977-ல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடர்பான வழக்கில், காசு கொடுத்துப் பாட்டுப் போடச் சொன்ன தயாரிப்பாளருக்கே உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவரையும் வாசிக்கிறவரையும் சட்டம் கண்டுகொள்ளவே இல்லையே என்பது அவர் ஆதங்கம். நம் இசையில் உயிர் பாடுவதில் இருக்கிறது, அதற்கு உரிமை இல்லையென்றால் எப்படி என்று கேட்டார்.

1994-ல் திருத்தம் வந்து நிகழ்த்துகிறவருக்கும் உரிமை கிடைத்தது. அந்தச் சட்டத்தில் 'நிகழ்த்துபவர்' யார் என்று ஒரு பட்டியல் உண்டு. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஆடுபவர், கழைக்கூத்தாடி, செப்படி வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர். பாம்பாட்டியை எழுதியவர் யாரோ, அவருக்கு நம் ஊர் தெரிந்திருக்கிறது. 2012 திருத்தம் இயற்றியவருக்கு ராயல்டியை உறுதி செய்தது. நிகழ்த்துகிறவருக்கு, தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் தந்தது.

2017-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வெளிநாட்டில் கச்சேரி செய்தபோது, தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டிக்கெட் போட்டு நடக்கிற கச்சேரியில் இயற்றியவருக்குப் பங்கு உண்டு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சர்ச்சையில் இரண்டு பக்கமும் பெரிய பெயர்கள். மத விழாவையும் கல்யாண ஊர்வலத்தையும் சட்டமே விலக்கி வைத்திருப்பதால், ஊர்க் குழுக்கள் அந்தப் பேச்சுக்குள்ளேயே வரவில்லை. யாரும் கேஸ் போடாத அளவுக்குச் சின்னவர்கள். யாரும் உரிமை இருக்கிறதா என்று கேட்காத அளவுக்கும் சின்னவர்கள்.

*

ஊருக்குப் போயிருந்தபோது, பல வருஷமாகக் கீபோர்டு வாசிக்கும் ஒரு அண்ணாச்சியிடம் இதைக் கேட்டேன். "அடுத்தவங்க பாட்டையே வாசிக்கோமேன்னு எப்பவாவது தோணியிருக்கா அண்ணாச்சி?"

"தம்பி, பாட்டு யாருதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. பத்து மணிக்கு ஏன் நிறுத்துதியன்னுதான் கேப்பாங்க. மிச்ச ரூவா எப்பன்னு நாங்க கேப்போம். இதுல எங்க தோண?"

பிறகு வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பாடுகிற பையனுக்குத் தொண்டை கட்டியிருந்தால் சுருதியை இறக்க வேண்டும். நாட்டாமை மேடைக்கு வந்து சேரும் வரை இடையிசையை இழுக்க வேண்டும். கூட்டத்தில் சலசலப்பு தெரிந்தால் சரணத்தை வெட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவ வேண்டும். சாமியாடி கண் சிவந்து எழுந்தால் பாட்டையே நிறுத்திவிட்டு மேளத்துக்கு வழிவிட வேண்டும். எந்த நேரத்தில் எதை வாசிக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளவே பத்து வருஷம் ஆனதாம். பாதி வேலை கூட்டத்தைப் பார்ப்பதுதான் என்றார்.

பையில் இருக்கும் ஒலிப்பதிவு இதில் எதையும் செய்யாது. யார் கேட்டாலும், யாருமே கேட்காவிட்டாலும் ஒரே மாதிரி ஓடும். 'அப்படியானால் கூட்டத்துக்கு ஏற்றபடி நடந்துகொள்வதுதான் அவர்கள் கலையா? ஹோட்டல் சர்வரும் அதைச் செய்கிறாரே' என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. பல கச்சேரிகள் மோசமாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். சுருதி சேராது, ஸ்பீக்கர் அலறும், பாடகர் வரியை மறந்துவிட்டுச் சிரிப்பார்.

அந்த மோசமான ராத்திரியில் நாம் யாரைத் திட்டுகிறோம்? மெட்டுப் போட்டவரையா? இல்லை. 'என்னடா பாடுதான் இவன்' என்று மேடையில் நிற்பவரைத்தான். கூட்டம் எழுந்து போனால் அவமானம் அவருக்கு. அடுத்த வருஷம் கூப்பிடாமல் விட்டால் நஷ்டம் அவருக்கு. சொதப்பினால் அது அவருடையது என்றால், நன்றாக அமைந்தால் மட்டும் அது எப்படி வேறொருவருடையது ஆகும்? பழியை ஒருவர் தலையில் வைத்துவிட்டுப் பாராட்டை இன்னொரு முகவரிக்கு அனுப்புகிறோம். நான் கேட்பது இந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான்.

*

இந்தக் கணக்கு மிக மோசமாகப் பிசகுவது ஆடுகிறவர்களிடம். ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு ஒவ்வொரு வருஷமும் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு மனுக்கள் போகின்றன. ஆபாசம் கூடாது, சாதி, கட்சிப் பாட்டு கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்று நிபந்தனைகளோடு அனுமதி வருகிறது. நிபந்தனைகளில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு ஆட்டத்தை ஒரு டான்ஸ் மாஸ்டர் அமைக்கிறார், ஒரு நட்சத்திரம் ஆடுகிறார், தணிக்கை முடிந்து தியேட்டருக்கும் வீட்டு டி.வி.க்கும் வருகிறது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிறோம். அதே அசைவை ஒரு பெண் பந்தலில் ஆடினால் அது ஆபாசம். கமிட்டியில் 'அந்தப் பாட்டைப் போடுங்க' என்று கேட்டவர் பெயர் எங்கும் வராது. ரூபாய் நோட்டைக் குத்த மேடையேறியவர் பெயரும் வராது. கெட்ட பெயர் முழுக்க ஆடிய பெண்ணுக்கு. அவள் உண்டாக்காத ஆட்டம், அவள் தேர்ந்தெடுக்காத பாட்டு. ஆனால் பழி மட்டும் முழுதும் அவளுடைய சொந்தம்.

நிகழ்த்துகிறவர் எதற்கும் பொறுப்பில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. 2023 மார்ச்சில் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தைத் தடை செய்தது. ஒரு சமூகத்தின் பெயரை வைத்துக்கொண்டு இரட்டை அர்த்தத்தில் ஆடுவது தங்களை இழிவுபடுத்துகிறது என்று அந்தச் சமூகத்தினர் நெடுநாள் சொல்லிவந்தார்கள். அந்த வலி உண்மையானது. அந்த ஆட்டத்தை ஆடிப் பிழைத்தவர்களும் வசதியானவர்கள் இல்லை. ஆனால் அத்தனை வருஷம் அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நாம். தடை வந்தபோது வேலை போனது ஆடியவர்களுக்கு. சிரித்தவர்கள் அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டோம்.

இப்போது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செண்டை மேளம் வருகிறது, டி.ஜே. பாக்ஸ் வருகிறது. குழுக்கள் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. அவற்றைக் காப்பாற்றுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இருக்கிற வரை கணக்கை ஒழுங்காக வைத்திருக்கலாம். அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கும்போது வாசிப்பவர்கள், பாடுபவர்கள், அவர்கள் சம்மதித்தால் ஆடுபவர்கள் பெயரையும் போடலாம். உபயதாரர் பட்டியலை விட அது சின்னதாகத்தான் இருக்கும். பேசின தொகையில் பாக்கி வைக்காமல், அவர்கள் வேனில் ஏறுவதற்கு முன் கொடுத்துவிடலாம். நோட்டைக் குத்த மேடையேறுகிறவனைச் சொந்தக்காரனாக இருந்தாலும் இறக்கிவிடலாம். பாட்டு பிடித்திருந்தால் 'இளையராஜா இளையராஜாதான்' என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தாமல், வாசித்தவரிடமும் போய் ஒரு வார்த்தை சொல்லலாம்.