தெரிந்த பின்னும் திரும்பாத தீர்ப்பு

லால்குடியின் பழைய பெயர் திருத்தவத்துறை. ஏழு முனிவர்கள் தவமிருந்து வழிபட்ட ஊர் என்பதால் மூலவருக்குப் பெயர் சப்தரிஷீஸ்வரர். திருச்சியிலிருந்து அரியலூர் போகும் ரயில் கொள்ளிடத்தைத் தாண்டிய சற்று நேரத்தில் இந்த ஊர் வந்துவிடும். முனிவர்களுக்கே ஏன் இங்கே தவம் தேவைப்பட்டது? அவர்கள் மேல் ஒரு சாபம் இருந்தது, அது தீர வந்தார்கள் என்கிறது தலபுராணம். அதை முருகன் பிறப்போடு முடிச்சுப் போட்டுத்தான் கதை சொல்வார்கள்.

மகாபாரதத்தின் வன பருவத்தில் இதே முனிவர்களைப் பற்றி ஒரு கதை உண்டு. அக்னியை அடைய ஆசைப்பட்ட ஸ்வாஹா, முனிவர்களின் மனைவியர் ஆறு பேரின் உருவத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். அருந்ததியின் உருவம் மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. ஸ்கந்தன் பிறந்தான். ஊர் வாய் சும்மா இருக்குமா? பிள்ளை அந்த ஆறு பெண்களுடையது என்று பேச்சு கிளம்பியது. முனிவர்கள் ஆறு பேரையும் தள்ளிவைத்தார்கள். ஸ்வாஹாவே வந்து, பிள்ளை என்னுடையது என்றாள். நடந்ததை நேரில் அறிந்த விசுவாமித்திரரும் அந்தப் பெண்கள் மேல் குற்றமில்லை என்று சாட்சி சொன்னார். இத்தனையும் கேட்ட பிறகும் முனிவர்கள் மனைவியரைத் திரும்ப அழைக்கவில்லை.

விசாரிக்காமல் தண்டிப்பதை நம் கதைகள் பல இடங்களில் கண்டித்திருக்கின்றன. இந்தக் கதை கேட்பது வேறு கேள்வி. உண்மை தெரிந்த பிறகும் தீர்ப்பு ஏன் திரும்பவில்லை?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை முப்பது வருடத்துக்கு மேல் தூக்கிச் சுமந்தவர் ஜோலார்பேட்டை அற்புதம்மாள். அவர் மகன் பேரறிவாளன், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த 19 வயதுப் பையனாக, 1991 ஜூன் 11 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் கைதானார். சென்னை பெரியார் திடலில் பெற்றோரே அவரை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். விசாரித்துவிட்டு மறுநாளே அனுப்பிவிடுவோம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள் என்று அற்புதம்மாள் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் மீதான குற்றச்சாட்டின் நடுநாயகம் இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகள். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் போடுகிற, உள்ளங்கையில் அடங்கிவிடும் சதுர பேட்டரி. எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். அவற்றை வாங்கி, கொலையை முன்னின்று நடத்திய சிவராசனிடம் கொடுத்தார், அவைதான் தற்கொலைக் குண்டுதாரி தனு கட்டியிருந்த வெடிகுண்டு பெல்ட்டில் இருந்தன என்றது அரசுத் தரப்பு. வாங்கியவருக்கு அது எதற்கென்று தெரியுமா என்பதில்தான் ஓர் உயிர் தொங்கியது. அதற்கு ஆதாரமாக முக்கியமாக நின்றது, பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின்படி போலீஸ் எஸ்.பி. ஒருவர் எழுதி வாங்கிய வாக்குமூலம். சாதாரண சட்டத்தில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, தடாவில் செல்லுபடியானது. 1998 ஜனவரி 28 அன்று தடா கோர்ட் குற்றம்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மொத்தமாகத் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, மூவரின் தண்டனையை ஆயுளாக்கி, பேரறிவாளன் உட்பட நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்தது. தடா குற்றம் நிரூபணமாகவில்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, தடா வாக்குமூலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. சட்டம் படித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் இருக்கலாம். சாதாரண மனிதருக்கு இது ஜீரணமாவது கஷ்டம்.

பிறகு விசுவாமித்திரர் வந்தார். அந்த வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன், ஓய்வு பெற்ற பின் 2013 நவம்பரில் வாய் திறந்தார். பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். பின்னர் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் தாக்கல் செய்தார். கொலைத் திட்டம் தங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று சிவராசன் 1991 மே 7 அன்று அனுப்பிய வயர்லெஸ் செய்தியையும் சுட்டிக்காட்டினார்.

எழுதியவரே பிழை என்கிறார். ஏடு அசைந்ததா? 2014 பிப்ரவரி 18 அன்று தூக்கு ஆயுளானது. காரணம் கருணை மனு மீது முடிவெடுக்க ஆன தாமதம். 1999 தீர்ப்பைத் திரும்பப் பெறக் கேட்ட மனு 2018 மார்ச்சில் தள்ளுபடியானது. 2022 மே 18 அன்று அரசியலமைப்பின் 142-ஆவது பிரிவின்படி அவர் விடுதலையானபோதும் காரணம் வேறுதான். மாநில அமைச்சரவை 2018 செப்டம்பரில் செய்த பரிந்துரையை ஆளுநர் வருடக்கணக்கில் கிடப்பில் போட்டது சரியல்ல என்பதே அது. தாமதம் அவரைத் தூக்கிலிருந்து காப்பாற்றியது, தாமதமே அவரை வெளியேயும் விட்டது. பேட்டரிக் கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாரதக் கதையிலும் அப்படித்தான். நிராதரவாக வந்த ஆறு பெண்களுக்கு ஸ்கந்தன் வானத்தில் கார்த்திகை நட்சத்திரமாக இடம் வாங்கிக் கொடுத்தான். கணவன் வீட்டுக் கதவு திறக்கவில்லை.

இந்த இடத்தில் நம்மில் பலர் வாயில் தானாக வருவது, “எல்லாம் அவன் தலையெழுத்து.” இந்த வாதத்துக்கு நம்மிடம் ஒரு காவியமே சாட்சி. கோவலன் கள்வன் என்று பிழையாகக் கொல்லப்பட்டான், ஏன்? முற்பிறப்பில் பரதன் என்ற பெயரில் இருந்த அவன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான் என்கிறது சிலப்பதிகாரம். கணக்கு பைசா சுத்தமாக நேராகிவிடுகிறது. ஆனால் இளங்கோ இந்த விளக்கத்தை எங்கே வைத்தார் என்று பார்க்க வேண்டும். மதுரை எரிந்த பிறகுதான் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் இதைச் சொல்கிறது. கண்ணகி வழக்காடும்போது யாரும் ஊழ்வினை பேசவில்லை; சிலம்பை உடைத்துப் பரல் எதுவென்று பார்த்தார்கள். பாண்டியனும் இது அவன் விதி என்று சொல்லித் தப்பிக்கவில்லை, பிழை தன்னுடையது என்று உயிரை விட்டான். அடிபட்டவர் தன்னைத் தேற்றிக்கொள்ள ஊழைச் சொல்லலாம், அது அவர் பாடு. அடித்தவர் அதைச் சொல்லக் கூடாது. வேடிக்கை பார்த்தவரும் சொல்லக் கூடாது.

அற்புதம்மாளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. அவரும் அவர் கணவர் குயில்தாசனும் பெரியார் வழி வந்தவர்கள். கடவுளும் இல்லை, கர்மவினையும் இல்லை. நேர்ந்துகொள்ள ஒரு கோயில் இல்லாத தாய்க்கு மீதி இருந்தது மனு எழுதுவதும், வேலூர் ஜெயில் வாசலில் காத்திருப்பதும், சென்னைக்கும் டெல்லிக்கும் ரயில் ஏறுவதும்தான். 2011 செப்டம்பர் 9 என்று தூக்குக்குத் தேதி குறித்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் போன்றவர்கள் குரல் கொடுத்தார்கள். விதியை நம்பாதவர் விதியை நம்புகிறவர்களைவிட அதிகம் பொறுமை காட்டியது யோசிக்க வைக்கிற விஷயம்.

எதிர்ப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்தவர்களில் பணியில் இருந்த போலீஸ்காரர்களும் கட்சிக்காரர்களும் உண்டு. அந்தக் குடும்பங்களுக்குக் கூட்டமும் கிடையாது, கோஷமும் கிடையாது. விடுதலையைக் கொண்டாடிய காட்சியைப் பார்த்து அவர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. விடுதலை கேட்டவர்களும் சில சமயம் பேட்டரிக் கேள்வியை மறந்து இனம், மொழி, அரசியல் என்று பேச்சை அகட்டிவிட்டார்கள். ‘எழுவர் விடுதலை’ என்ற ஒரே முழக்கத்துக்குள் ஏழு வேறு வேறு வழக்குகள் அமுங்கிப்போயின. ஒருவருக்கு எதிரான சாட்சியம் இன்னொருவருடையது அல்ல. விடுதலை கேட்பவர், கைதி நிரபராதி என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை. சந்தேகம் இங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினால் போதும். விரலை எடுத்துவிட்டுக் கையை ஓங்கினால் கேட்கிறவன் காதை மூடிக்கொள்வான்.

சந்தேகத்தை ஏட்டிலேயே திருத்திய வழக்கும் இந்தச் சீமையில் உண்டு. திருச்சியில் வளர்ந்த நடிகர் எம்.கே. தியாகராஜ பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். மதராஸ் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். மறுபடி விசாரிக்கச் சொல்லி அங்கிருந்து வந்தது. 1947 ஏப்ரலில் அதே உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. ஜெயிலுக்குப் போகும் முன் வெளியான பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் வருடக்கணக்கில் ஓடியது. வந்த பிறகு எடுத்த படங்கள் போணியாகவில்லை. 1959-ல் இறந்தார். ஏடு திருந்தியது, ரசிகன் திரும்பவில்லை. பேரறிவாளனுக்கு நேர்மாறு: ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார், ஏடு திருந்தவில்லை.

அவருக்குப் பின் 2022 நவம்பர் 11 அன்று விடுதலையானவர்களில் இலங்கைத் தமிழர் நால்வர் ஜெயிலிலிருந்து நேராகத் திருச்சி கொட்டப்பட்டு சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் சாந்தன் 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவர் ஏப்ரலில்தான் ஊர் போனார்கள். விடுதலை உத்தரவுக்கும் விமானத்துக்கும் நடுவே பதினாறு மாதத்துக்கு மேல்.

பிழையாக வழக்கில் சிக்கவைக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்ட ஏற்பாடு வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் வரவில்லை. நாளை வந்தாலும் குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றவர்தான் அதைக் கேட்க முடியும். பாகவதர் இருந்திருந்தால் மனுப் போடலாம். பேரறிவாளனால் முடியாது, ஏட்டின்படி அவர் இன்னும் குற்றவாளி.