ஒரே வடம்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயின், ‘ஊர்’ என்ற சொல்லில் யார் யார் அடங்குவர் என்னும் வினாவில்தான் அறம் சோதிக்கப்படுகிறது. வடம் பிடிக்கும் உரிமைக்கே வழக்காட நேர்ந்த ஊர்களும் நம் நாட்டில் உண்டன்றோ? இவ்வினா தேர்வீதியோடு நின்றுவிடுவதன்று. பலர் கூடித் தொழில் புரியும் இடமெங்கும் எழுவதாகும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லாங்லி என்னும் விமான ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. 1943ஆம் ஆண்டு முதல், கணிதம் கற்ற கறுப்பினப் பெண்கள் அங்கே கணக்கிடும் பணியில் அமர்த்தப்பட்டனர். அவர்கள் போட்ட கணக்கு வெள்ளையரான பொறியாளர்களின் மேசைக்குத் தடையின்றிச் சென்றது. கணக்கைப் போட்டவர்களுக்கோ தனி அறை, தனிக் கழிப்பறை, உணவுக்கூடத்தில் பலகை வைத்துக் குறித்த தனி மேசை! மிரியம் மான் என்னும் அம்மையார் அப்பலகையை எடுத்து மறைத்துவிடுவார், மீண்டும் ஒன்று வைக்கப்படும், அதனையும் எடுப்பார். இறுதியில் வைத்தவர்களே ஓய்ந்தனர். 1958இல் அக்கூடம் நாசா நிறுவனத்தின் பகுதியானபோது தனிப்பிரிவும் கலைக்கப்பட்டது.

அங்கே 1953இல் பணியேற்றவர் காதரின் ஜான்சன். பொறியாளர் கூட்டங்களில் தாமும் அமர விரும்பினார். பெண்கள் வருவது வழக்கமில்லை என்றனர். “தடுக்கும் சட்டம் உண்டோ?” என வினவினார், வழி பிறந்தது. 1962இல் ஜான் கிளென் விண்ணில் புவியை வலம்வரப் புறப்படுமுன், கணிப்பொறி தந்த எண்களை இவ்வம்மையார் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

இத்தகைய மேதையையா விலக்கினர் என நாம் வியக்கிறோம். அவ்வியப்பிலும் ஒரு பிழை மறைந்துள்ளது. அவர் மேதையாக இல்லாதிருப்பின் தனி மேசை நியாயமாகிவிடுமா? திறமையை மெய்ப்பித்த பின்னரே மதிப்பு என்பது, மற்றவர்க்கு இல்லாத தேர்வை ஒதுக்கப்பட்டவர்க்கு மட்டும் வைப்பதாகும். ஒருவருடைய உழைப்பை ஏற்றல் வேறு; உழைப்பவரை ஏற்றல் வேறு. முன்னது ஆதாயம், பின்னதே அறம்.

நம் அலுவலகங்களில் அத்தகைய பலகை இல்லையே என்று அமைதி கொள்ளலாகாது. துப்புரவு செய்பவர் எங்கே அமர்ந்து உண்கிறார்? கடைநிலை ஊழியர் கண்ட பிழையை அஞ்சாது எடுத்துரைக்க இடமுண்டா? கண்ணுக்குத் தெரியாத பலகைகளை எடுப்பதே கடினம்.

வடத்தில் கை வைப்பவரிடம் அவர் வலிமை எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. தேர் நிலை சேர்ந்தபின், எவர் கை எவ்வளவு இழுத்தது என்று பிரித்தறிவார்தாம் யார்?