ஆயுத பூஜையும் கீழே விழுந்த பேட்டரியும்

மகாநவமி அன்று பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைக்குள் போனால், லேத்திலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரை எல்லாமே சந்தனமும் குங்குமமும் பூசி நிற்கும். ஷட்டரின் இரு பக்கமும் வாழைக்கன்று, வாசலில் உடைத்த பூசணிக்காய். தச்சர்களும் எலக்ட்ரீஷியன்களும் தங்கள் கருவிகளைத் துடைத்து ஒரு பலகையில் அடுக்கியிருப்பார்கள். உளி, சுத்தியல், ரம்பத்தோடு இப்போது கார்ட்லெஸ் டிரில்லும் பேட்டரி கிரைண்டரும் அந்த வரிசையில் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. உயிரில்லாத ஒரு கருவிக்கு மனிதன் கடன்பட்டவனா, பட்டவன் என்றால் அந்தக் கடனை எப்படி அடைப்பது என்ற பழைய கேள்வி இந்தப் புதிய கருவியால் கூர்மை பெற்றிருக்கிறது. கடன் உண்டு என்பதே என் முடிவு. பேட்டரிக் கருவியைப் பொறுத்தவரை அதை அடைக்கும் வழி இரண்டு: அடிபடாமல் காப்பது, அடிபட்டுவிட்டால் அதை மறைக்காமல் சொல்வது. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் பொட்டும் மாலையும் பூஜையாகிவிடாது.

இப்படிச் சொல்வதற்கு அந்தப் பேட்டரியின் உள்ளமைப்பே காரணம். உளி கீழே விழுந்தால் முனை மழுங்கும். எடுத்துப் பார்த்தாலே தெரியும், சாணை பிடித்தால் சரியாகும். பேட்டரி பேக் அப்படியில்லை. 18 வோல்ட் என்று எழுதிய சாதாரண பேக்கின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள ஐந்து லித்தியம் அயான் உருளைச் செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், நிக்கல் பட்டைகளை வெல்ட் செய்து தொடராக இணைத்திருப்பார்கள். பெரிய பேக் என்றால் பத்துச் செல்கள். ஒரு செல்லுக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் பாய்போல இறுக்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் தடுப்பது சுமார் 0.02 மி.மீ. தடிமனுள்ள ஒரு பிளாஸ்டிக் படலம் மட்டுமே. தலைமுடியின் தடிமனில் அது மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. சுற்றிலும் இருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். டிரில்லின் கைப்பிடிக்கு அடியில், கனமாகவும் வெளியே நீட்டிக்கொண்டும் இருப்பது இந்தப் பேக்தான். அதனால் ஏணியிலிருந்தோ சாரத்திலிருந்தோ டிரில் நழுவும்போது பல நேரங்களில் பேக்கின் மூலைதான் முதலில் தரையில் மோதுகிறது. கூட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். உள்ளே ஒரு செல் நசுங்கிப் படலம் ஓரிடத்தில் இளைத்திருக்கலாம். பட்டையின் வெல்ட் பாதி விட்டிருக்கலாம். டிரில் அப்போதும் ஓடும், சார்ஜும் ஏறும். பேக்கிலுள்ள கட்டுப்பாட்டுப் பலகை வோல்டேஜையும் வெப்பத்தையும் அளக்குமே தவிர, நசுங்கலை அறியாது. ஒரு செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆனால் அதைத் துண்டிக்கவும் அதனால் முடியாது. படலம் முற்றிலும் விட்டுப்போவது அன்றைக்கே நடக்கலாம், பல சார்ஜுகளுக்குப் பின்பும் நடக்கலாம். நடந்தால் வெப்பம் வெப்பத்தை வளர்க்கும்; ஒரு செல்லின் தீ அடுத்த செல்லுக்குத் தாவும்.

இந்த அச்சம் கற்பனை இல்லை என்பதற்கு லித்தியம் அயான் பேட்டரியின் பிறப்பே சான்று. ஜப்பானின் அசாஹி கசேய் நிறுவனத்தில் அகிரா யோஷினோ 1986-இல் தன் முன்மாதிரிப் பேட்டரியை வெடிபொருள் சோதிக்கும் இடத்துக்கு எடுத்துப்போய், அதன்மேல் ஒரு பெரிய இரும்புத் துண்டைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. உலோக லித்தியம் கொண்ட பேட்டரியின்மேல் போட்டபோது அது வெடித்தது. 2019-இல் அவர் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மின்சாரம் தருமா என்பதோடு, அடியைத் தாங்குமா என்ற கேள்விக்கும் விடை கண்ட பிறகே இந்தப் பேட்டரி சந்தைக்கு வந்தது. இன்றும் சரக்காக அனுப்பப்படும் உருளைச் செல்களுக்கு ஐ.நா. விதித்த சோதனை ஒன்று உண்டு. செல்லின் குறுக்கே 15.8 மி.மீ. தடிமனுள்ள கம்பியை வைத்து, 61 செ.மீ. உயரத்திலிருந்து 9.1 கிலோ எடையை அதன்மேல் போடுகிறார்கள். அந்த நொடியில் தீப்பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் கைதட்டிவிட்டுக் கலைவதில்லை. ஆறு மணி நேரம் காத்திருக்கிறார்கள். அடியும் அதன் விளைவும் வெவ்வேறு நேரத்தில் வரும் என்று அறிந்தவர்கள் எழுதிய விதி அது. நம் பணியிடத்திலோ விழுந்த டிரில்லை எடுத்து, தூசி தட்டி, அடுத்த திருகை முடுக்குவதற்கு ஆறு நொடிகூட ஆவதில்லை.

செயலும் பலனும் இப்படி விலகி நிற்பது நம் தத்துவத்துக்குப் புதிதில்லை. இன்று செய்த வேள்வி அன்றே முடிந்துபோகிறது, பலனோ வெகுகாலம் கழித்து வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அந்தச் செயல் எங்கே இருந்தது என்று பூர்வ மீமாம்சகர்கள் கேட்டார்கள். புலனுக்கு எட்டாத ஓர் ஆற்றலாக அது நிற்கிறது என்று விடை கண்டு, அதற்கு அபூர்வம் என்று பெயரும் இட்டார்கள். அந்தக் கோட்பாட்டை ஏற்காதவர்களும் உண்டு. ஏற்க வேண்டிய அவசியமும் இங்கே இல்லை. மீமாம்சகர்கள் கண்ட சிக்கல் மட்டும் உண்மை: முடிந்துவிட்டதாகத் தோன்றும் செயல் முடியாமல் இருக்கலாம். நசுங்கிய செல்லில் அது தத்துவமாக இல்லாமல் பொருளாகவே இருக்கிறது. விளைவு வந்து சேரும் ஆளும் வேறு. கை நழுவவிட்டவன் பகல்நேரத் தச்சன். அதே பேக் இரவில் சார்ஜ் ஏறுவது கட்டுமானத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உறங்கும் தகரக் கொட்டகையில். கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இந்த நகரத்தைக் கட்டுகிறவர்கள் அவர்கள். பேக் கைமாறி, பழையதாகி, காயலான் கடைக்குப் போய், செல்லைப் பிரித்தெடுக்கும் ஒருவரின் மடியில் போய் உட்காரும்போது, அது எப்போது எங்கே விழுந்தது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

பூஜை வேறு, பராமரிப்பு வேறு; பக்தியைப் பட்டறை விதியாக்காதே என்று பக்தர் ஒருவர் மறுக்கலாம். அவருக்கு மகாபாரதத்தின் விராட பர்வத்தைத்தான் காட்ட வேண்டும். ஆயுத பூஜைக்கும் மறுநாள் விஜயதசமிக்கும் மக்கள் சொல்லும் கதைகளில் முக்கியமானது பாண்டவர்கள் வன்னி மரத்தில் ஆயுதங்களை வைத்தது. மைசூரு தசரா ஊர்வலம் இன்றும் அந்த வன்னியின் பெயர் கொண்ட பன்னிமண்டபத்தில்தான் போய் முடிகிறது. பர்வத்தின் அந்தப் பகுதியை நிதானமாக வாசித்தால், ஆயுதங்களைப் பத்திரப்படுத்தியதுதான் விரிவாகச் சொல்லப்பட்டிருப்பது தெரியும். வில்லின் நாண்களைத் தளர்த்துகிறார்கள். நகுலன் மரமேறி, ஒடியாத கிளை எது, மழை புகாத இடம் எது என்று பார்த்து அங்கே கட்டுகிறான். வேறு யாரும் நெருங்காதபடி ஒரு பிணத்தையும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். விசையை இறக்கி வை, விழாமல் கட்டு, ஈரம் படாமல் வை, அறியாதவர் கை படாமல் பார்த்துக்கொள்: இந்த நான்கும் ஒரு பேட்டரி பேக்குக்கு அப்படியே பொருந்தும். நாம் கொண்டாடுகிற நாளின் மூலக்கதையிலேயே காப்பதுதான் வழிபாடாக இருக்கிறது. பின்னால் வந்த அலங்காரத்தை வைத்துக்கொண்டு அதை விட்டுவிட்டோம். விபத்து நேராதிருக்க உடைக்கும் பூசணிக்காய், நடுரோட்டில் கிடந்து இருசக்கர வண்டிக்காரரைச் சறுக்கிவிழச் செய்வதையும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். கண்ணேறு கழிக்கிற கை, ரோட்டில் பின்னால் வருகிறவரை நினைக்கவில்லை.

எதிர்த்திசையிலிருந்து பகுத்தறிவாளர் கேட்பார்: பிளாஸ்டிக்கும் உலோகமுமான ஒரு பெட்டிக்கு என்ன கடமை? கடமை மனிதருக்கு மட்டும்தானே? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். இதற்கு விடை இதே கன்னட மண்ணில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் பசவண்ணரோடு இருந்த சரணர்கள் என்னும் சிவனடியார்களில் நுலிய சந்தய்யா புல்லைத் திரித்துக் கயிறு விற்றவர். அந்த வருமானத்தில் அடியார்களுக்கு உணவளித்தவர். புல் அறுக்கும்போது கழுத்திலிருந்த இஷ்டலிங்கம் நீரில் விழ, அதை எடுக்கக்கூட நிற்காமல் வேலையைத் தொடர்ந்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. லிங்கமே பின்னால் வந்து மன்றாட, இன்னொரு சரணரான மடிவாள மாச்சய்யா சமாதானம் செய்யவேண்டி வந்தது. விழுந்த பொருளை விட்டுவிடலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை என்று தோன்றும். ஆனால் சந்தய்யா ஏன் நிற்கவில்லை? அந்தக் கயிற்றை நம்பி அடியார்கள் பசியோடு காத்திருந்தார்கள். பொருளைவிட மனிதர் பெரியவர் என்பது அவருடைய அளவுகோல். அதே அளவுகோலை வைத்துத்தான் விழுந்த பேட்டரிக்காக வேலையை நிறுத்து என்கிறேன். அந்தப் பெட்டிக்காக நான் இரங்கவில்லை. அதன் மறுமுனையில் இருக்கும் மனிதரின் பெயரோ முகமோ எனக்குத் தெரியாது. அவருக்கு நான் செய்யக்கூடிய நன்மையும் தீமையும் இந்தப் பொருளின் வழியாக மட்டுமே போய்ச் சேரும். அறியாத மனிதரிடம் நாம் காட்டும் மரியாதைக்கு, அவர் கைக்குப் போகும் பொருளைத் தவிர வேறு வடிவம் கிடையாது. பகுத்தறிவாளரின் கொள்கையை முழுதாக ஏற்றாலும் நாம் வந்து நிற்பது இங்கேதான்.

விழுந்த பேட்டரிகளில் பெரும்பாலானவை தீப்பிடிப்பதில்லையே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். கூட்டின் ரப்பர் விளிம்பும் செல்களைத் தாங்கும் சட்டமும் நிறைய அடிகளை வாங்கிக்கொள்கின்றன. ஆனால் எந்த அடி தாங்கியது, எது தாங்கவில்லை என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாதவரை, அந்த ஆபத்தை இன்னொருவர் உறங்கும் இடத்துக்கு அனுப்ப நமக்கு உரிமை இல்லை. புதிய செல்லை 1 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை போட்டுப் பார்க்கும் தர விதிகள் உள்ளன. சாரத்தின் உயரம் அதைவிட அதிகம். இரண்டு வருடம் உழைத்த பேக் புதியதும் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு கூலிக்காரரிடமிருந்து வருகிறது. நல்ல பேக் ஒன்றின் விலை அவருடைய பல நாள் கூலி. விழுந்ததைச் சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அவரிடம் போய்ச் சத்தியம் பேசு என்று உபதேசிப்பது அறமாகுமா? ஆகாது. உண்மையைச் சொன்னவன் பட்டினி கிடக்க வேண்டும் என்றால், பொய்யை உண்டாக்கியவர் அந்த ஏற்பாட்டைச் செய்தவரே. ஆகவே இந்தக் கடனின் பெரும்பங்கு கருவிக்குச் சொந்தக்காரருடையது: மேஸ்திரி, காண்ட்ராக்டர், பட்டறை முதலாளி. உயரத்தில் வேலை என்றால் டிரில்லைக் கட்டிக்கொள்ளக் கயிறு கொடுப்பது, பேக்குக்கு ரப்பர் உறை வாங்குவது, திருகும் ஆணியும் கிடக்கும் பையில் பேக்கைப் போடாமல் தனிப் பெட்டி வைப்பது எல்லாம் அவர் கையில். விழுந்த பேக்கை உடனே கழற்றி, சார்ஜ் போடாமல், எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத சிமெண்ட் தரையில் வைத்துக் கவனிக்கச் சொல்வதும் அவர் வேலை. சூடு, வீக்கம், இனிப்பான கரைப்பான் வாசனை, கூட்டில் வெடிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பேக்கின் ஆயுள் முடிந்தது. அதன் முனைகளில் டேப் ஒட்டிச் சேகரிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர் மீது வைத்திருக்கின்றன. காயலான் கடையில் தள்ளிவிட இனிச் சாக்கு இல்லை.

இதைப் படிக்கும் முதலாளிகளையும் மேஸ்திரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்: வருகிற மகாநவமி அன்று கருவிகளுக்குப் பொட்டு வைக்கும் முன், ஒவ்வொரு பேக்கையும் கையில் எடுத்து நான்கு மூலைகளையும் தடவிப் பாருங்கள். பிறகு எல்லாத் தொழிலாளர்களையும் கூப்பிட்டு, விழுந்த பேட்டரிக்காக யார் கூலியிலும் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டோம், சொன்னால் போதும் என்று அவர்கள் மொழியில் சொல்லுங்கள். சொன்னபடி நடந்தும் காட்டுங்கள்.