தட்டைக் கற்களின் சமத்துவம்

ஜெர்மனியின் கிழக்கு மூலையில், செக் எல்லைக்கும் போலந்து எல்லைக்கும் பக்கத்தில் இருக்கிறது ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூர். அதன் கல்லறைத் தோட்டத்தில் கற்கள் நிமிர்ந்து நிற்பதில்லை. தரையோடு படுத்திருக்கின்றன, ஏறக்குறைய ஒரே அளவில். குடும்பத்தோடு சேர்த்துப் புதைக்கும் வழக்கம் இல்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். (நடுவே சின்சென்டோர்ஃப் பிரபு குடும்பத்துக்கு மட்டும் பெரிய கல்லறைகள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) கடவுள் முன் எல்லாரும் சமம் என்பதைக் கல்லிலேயே காட்டியவர்கள், அந்தச் சமத்துவத்தை உயிருள்ள உடம்புக்குத் தர ஏன் மறுத்தார்கள்?

ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் மதத்தின் பெயரால் ஒடுக்கப்பட்ட மொராவியப் புராட்டஸ்டண்டுகள், எல்லை தாண்டி சாக்சனிக்கு ஓடிவந்து, 1722-இல் சின்சென்டோர்ஃபின் நிலத்தில் எழுப்பிய ஊர் இது. பத்தே ஆண்டுகளில் இங்கிருந்து டோபர் என்ற குயவரும் நிட்ஷ்மன் என்ற தச்சரும் கரீபியத் தீவான செயின்ட் தாமஸுக்குக் கிளம்பினார்கள், அடிமைகளுக்கு உபதேசிக்க. தரங்கம்பாடியைப் போல அதுவும் அன்று டென்மார்க் வசம் இருந்தது. அடிமைகளுக்கு இவர்கள் எழுத்து சொல்லிக்கொடுத்தார்கள். தோட்ட முதலாளிகளின் பகையைச் சம்பாதித்தார்கள். ஆனால் 1738-இல் இவர்களுடைய மிஷனே ஒரு தோட்டத்தை வாங்கியது, அதில் உழைத்த அடிமைகளையும் சேர்த்து. மறு ஆண்டு தீவுக்கு வந்த சின்சென்டோர்ஃப், ஆத்துமா மீட்கப்பட்டதால் உடம்பு விடுதலையாகிவிடாது என்று அடிமைகளிடமே சொன்னார்.

அந்தக் காலம் அப்படி என்பார்கள். ஆனால் 1688-லேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை முறையை எதிர்த்து மனு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களும் ஜெர்மனியிலிருந்து போன, மத நம்பிக்கையுள்ள மனிதர்கள்தான். முதலாளிகளைப் பகைத்தால் தீவில் கால் வைத்திருக்கவே முடியாது என்ற வாதம் இதைவிடக் கனமானது. ஆட்சியாளரின் தயவில் பிழைத்த அகதிகளுக்குப் பணிவு பழக்கமாகிவிட்டது. சின்சென்டோர்ஃபையே 1736-இல் சாக்சனி அரசு வெளியேற்றியது. ஆனாலும் இது மௌனத்தைத்தான் விளக்கும். மனிதர்களை விலைக்கு வாங்க எந்த அதிகாரியும் அவர்களைக் கட்டாயப்படுத்தியதாகத் தெரியவில்லை.

மிச்சமிருப்பது இறையியல் பதில்: விசுவாசம் ஆத்துமாவின் காரியம், உடம்பின் நிலை உலகத்தின் காரியம். இந்தப் பதில் வேறு யாருக்குப் பொருந்தினாலும் ஹெர்ன்ஹூட்டுக்குப் பொருந்தாது. மணமாகாத ஆண்கள் தங்கத் தனி வீடு, பெண்களின் தொப்பியில் மணமானவளுக்கு நீல நாடா, கைம்பெண்ணுக்கு வெள்ளை நாடா என்று உடம்பின் ஒவ்வொரு அசைவையும் விசுவாசத்தின் பெயரால் ஒழுங்குபடுத்திய ஊர் அது. நாடாவின் நிறம்வரை தீர்மானித்த சபை, கால் விலங்கைப் பற்றி மட்டும் தனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது. சபையின் ஓவியர் ஹைட் 1747-இல் தீட்டிய படத்தில், பல இனத்தைச் சேர்ந்த முதல் விசுவாசிகள் கிறிஸ்துவைச் சுற்றி நிற்கிறார்கள். அத்தனை பேரும் அதற்குள் இறந்துபோனவர்கள். சமத்துவத்தைச் சாவுக்கு அப்பால் வைத்துவிட்டால் உயிரோடிருப்பவர்களில் யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. முதலாளிகள்கூடக் காலப்போக்கில் மிஷனைச் சகித்துக்கொண்டது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

டேனிஷ் தீவுகளில் அடிமை முறை 1848 ஜூலை 3 அன்று ஒழிந்தது. செயின்ட் குரோய் தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து கோட்டைக்கு முன் திரண்டபோது, கவர்னர் ஃபான் ஷோல்டன் வேறு வழியின்றி அதை அறிவித்தார்.